உச்சிக் கிளையின் மணம்

குட்டிக்கு வயது நாற்பத்தாறு. அக்காவுக்குப் பின்னால் பிறந்த ஒரே காரணத்தால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தலையில் நரை ஓடிய பிறகும் உதிரவில்லை. ஒரு நாள் மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை அக்கா ஆபீசுக்கே எடுத்துக்கொண்டு போய், வாசலில் நின்று "குட்டி, ஏ குட்டி" என்று கூப்பிட்டுத் தொலைத்தாள். அன்றிலிருந்து அங்கேயும் அதே பெயர்தான்.

குட்டி வேலை பார்த்தது வாசனைத் திரவியம் தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியில். பழுப்புக் குப்பிகள் அடுக்கிய அலமாரிக்கு முன்னால் தராசும் கையுமாக உட்கார்ந்து, துளித்துளியாக மணங்களைக் கலப்பது அவள் தொழில். யாரோ எழுதிக் கொடுத்த கலவைகளைக் கூடாமல் குறையாமல் அளந்து தருவதிலேயே பாதி ஆயுள் போயிருந்தது. அந்த வருடம்தான் முதல் முறையாக, "இத நீயே செஞ்சு பாரு" என்று முதலாளியம்மா ஒரு வேலையை அவளிடம் விட்டார்.

கேட்டது லிண்டன் பூவின் மணம். பச்சையாக, கொஞ்சம் மூலிகைத்தனமாக இருக்க வேண்டும். அமைதியான மாலை நேரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

"இத யாரு போட்டுப்பாங்க, மேடம்?"

"சாயங்காலம் வீட்டுக்கு வந்து, செருப்பக் கழட்டிப் போட்டுட்டு, அப்பாடான்னு உக்கார்றவங்க."

லிண்டன் குட்டிக்குப் புதிதல்ல. அவள் வீட்டுத் தெருவின் இரண்டு பக்கமும் நிற்பதே அந்த மரம்தான். இதய வடிவத்தில் இலை, வெளிர்பச்சைக் காம்பிலிருந்து கொத்தாகத் தொங்கும் மங்கிய மஞ்சள் பூ. கோடைத் தொடக்கத்தில் பூக்கும். கண் மூடித் திறப்பதற்குள் கொட்டிவிடும். பூத்திருக்கும் நாட்களில் பொழுது சாயும்போது தெரு முழுவதும் மணக்கும். ஆனால் அந்த மணத்தைக் குப்பிக்குள் கொண்டுவருவது லேசுப்பட்ட காரியமில்லை. பூவிலிருந்து வடித்த சாறு விலைக்குக் கிடைக்கிறது. வடிக்கும்போதே பூவின் உயிர் போய், வைக்கோலும் தேனும் கலந்த ஒரு வாடைதான் அதில் மிஞ்சும். மற்றதையெல்லாம் வேறு மணங்களைச் சேர்த்துத்தான் கட்டி எழுப்ப வேண்டும்.

குட்டி கட்டி எழுப்பினாள். முதல் கலவை சோப்பு மாதிரி இருந்தது. அடுத்தது இருமல் மருந்து. அதற்கும் அடுத்ததை நிறைய நம்பிக்கையோடு எடுத்துக்கொண்டு போனாள். முதலாளியம்மா கலவையில் தோய்த்த காகிதப் பட்டையை மூக்கருகே ஆட்டிப் பார்த்தார். முகத்தைச் சுளிக்கவில்லை, அதுவே குட்டிக்குக் கலக்கமாக இருந்தது.

"குட்டி, நான் கேட்டது சாயங்கால மாலை. நீ செஞ்சிருக்கிறது கழுத்துல போடுற மாலை. இத்தன இனிப்பு எதுக்கு?"

"பூ இனிப்பாத்தானே இருக்கு, மேடம்."

"இருக்கலாம். ஆனா இத மோந்தா யாரோ கூட்டமா வந்து நிக்கிற மாதிரி இருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் வயிற்றெரிச்சல். இந்த வருடப் பூ மலரட்டும், பக்கத்தில் நின்று புதிதாக முகர்ந்து பார்த்துவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று குட்டி முடிவு செய்தாள். வீட்டு மாடியில் அவள், கீழ்த்தளத்தில் அக்காவும் அத்தானும். அவளுடைய கல்யாணம் ஒத்துவராமல் முறிந்துபோன காலத்திலிருந்து இப்படித்தான் ஏற்பாடு. மாடி ஜன்னலைத் திறந்தால் எதிரே லிண்டன் மரம். தினமும் காலையில் பல் தேய்த்துக்கொண்டே மொட்டுகளைப் பார்ப்பாள். இன்றைக்கா நாளைக்கா என்று உப்பிக்கொண்டிருந்தன.

முதல் கொத்து விரிந்த சனிக்கிழமையன்று ரம்பச் சத்தத்தில் கண் விழித்தாள்.

நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு படிகளில் இறங்கி ஓடினாள். வாசலைத் தாண்டிய பிறகுதான், ஒரு காலில் தன் செருப்பும் இன்னொரு காலில் அத்தானுடையதும் இருப்பது தெரிந்தது. நடைபாதையை ஒட்டி நகராட்சி லாரி நின்றது. அதன் முதுகிலிருந்து நீண்ட இரும்புக் கை மரத்துக்குள் நுழைந்திருந்தது. கையின் நுனியில் இருந்த கூண்டில் ஒரு மனிதர் மோட்டார் ரம்பத்தோடு நின்றுகொண்டிருந்தார். தெருப் பக்கத்துக் கிளைகள் பாதிக்கு மேல் தரையில் கிடந்தன, பூவும் மொட்டுமாக.

"நிறுத்துங்க. ஏங்க, நிறுத்துங்கன்னு சொல்றேன்ல."

லாரி டிரைவர் கண்ணாடியை இறக்கினார். "சும்மா தொண்டைய கெடுத்துக்காதீங்கம்மா. அவரு காதுல மூடி போட்டிருக்காரு. மூடி போடலன்னாலும் கேக்காது."

குட்டி லாரியின் பக்கவாட்டுத் தகரத்தில் படார் படார் என்று அடித்தாள். மேலே இருந்தவர் அதிர்வை உணர்ந்து குனிந்து பார்த்தார். ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கூண்டோடு இறங்கி வந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். முழங்கைவரை மரத்தூள். எப்போது பார்த்தாலும் மரத்தின் உச்சியிலேயே இருப்பதால் உடன் வேலை செய்கிறவர்கள் அவரை உச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். அது குட்டிக்குப் பிறகுதான் தெரிந்தது.

"பூக்கற நேரத்துல போய் வெட்டுறீங்களே, இது நியாயமா?"

"ஞாயிறா? இல்லம்மா, இன்னிக்கு சனி."

"ஞாயிறு இல்ல. நியாயம். நீதி."

"ஓ, அதுவா." அவர் காது மூடியைக் கழுத்துக்கு இறக்கினார். "அது நம்ம கையில இல்லையே. கார் மேல பிசுபிசுன்னு ஒட்டுதுன்னு புகார் வந்துச்சு. வெட்டச் சொன்னாங்க, வெட்டுறேன்."

"யாரு குடுத்தது அந்தப் புகார?"

உச்சி கட்டை விரலால் அவளுக்குப் பின்னால் காட்டினார். குட்டி திரும்பினாள். அவளுடைய சொந்த வீட்டின் கீழ்த்தள ஜன்னலில், அத்தானின் மூக்கு நுனி தெரிந்த திரைச்சீலை சட்டென்று மூடிக்கொண்டது.

அத்தானுக்குக் கார் என்றால் உயிர். பெற்ற பிள்ளைக்குத் தலை துவட்டுவது மாதிரி தினமும் துடைப்பார். லிண்டன் இலையில் உட்காரும் சின்னப் பூச்சிகள் சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பு நீரைச் சொட்டவிடும். அது கார் மேல் படிந்து, அதன் மேல் தூசி படிந்து, பாகு ஊற்றியது போல ஆகிவிடும். அது உண்மைதான். அதற்காக இப்படியா என்று குட்டி உள்ளே போய்க் கேட்டபோது அத்தான் திருதிருவென்று விழித்தார்.

"போன மாசம் சொன்னது, குட்டி. இப்ப வந்து நிப்பாங்கன்னு நான் கண்டேனா?"

"அத்தான், நான் மாசக்கணக்கா இந்தப் பூவுக்காக உக்காந்திருக்கேன்."

அக்கா கையில் கரண்டியோடு வந்தாள். அவள் சத்தம் போடவில்லை. கணவரைப் பார்த்து, "ஏங்க, காரை அடுத்த தெருவுல விட்டா அது அழுமா?" என்று மட்டும் கேட்டாள். அத்தான் பெட்டிப் பாம்பாக அடங்கினார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய், புகாரைத் தானே திரும்ப வாங்கிக்கொள்வதாக உச்சியிடம் மூன்று முறை சொன்னார். முதல் இரண்டு முறை உச்சிக்குக் கேட்கவில்லை.

உச்சி ஆபீசுக்குப் போன் போட்டுப் பேசிவிட்டு, "இனிமே வெட்டல. வீட்டுப் பக்கத்துக் கிளை அப்படியே இருக்கட்டும்" என்றார். தரையில் கிடந்த கொத்துகளைப் பொறுக்கி மடியில் சேர்த்துக்கொண்டிருந்த குட்டியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூ வேணுமா உங்களுக்கு? இதெல்லாம் மிதிபட்டது. நல்ல பூவு மேல இருக்கு. வந்து பாக்குறீங்களா?"

தலையில் மஞ்சள் ஹெல்மெட்டும் இடுப்பில் பட்டையும் மாட்டி, கூண்டுக்குள் நிற்கவைத்து அவளை மேலே கொண்டுபோனார். அக்கா கீழேயிருந்து, "கம்பிய கெட்டியா பிடிச்சுக்கோடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். கூண்டு இலைகளுக்குள் புகுந்ததும் தெரு காணாமல் போனது. பச்சை வெளிச்சம். பூக்களில் தேனீக்கள் முட்டிமோதிக்கொண்டிருந்தன. உச்சி கீழே கையசைக்க, டிரைவர் லாரியின் என்ஜினை அணைத்தார்.

குட்டி கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். இதுவரை அவள் முகர்ந்ததெல்லாம் தெருவில் நின்று, காற்று கொண்டுவந்து போட்ட மிச்சத்தைத்தான். இங்கே பூவின் தேன்மணம் ஓரமாக ஒதுங்கி இருந்தது. முன்னால் நின்றது வேறு: வெட்டுப்பட்ட சுள்ளியின் ஈரம், கசங்கிய இலையின் கசப்பு, மழைக்குப் பிறகு வேலியோரச் செடிகளில் வருமே, அந்த மாதிரி ஒரு பச்சை நெடி. இவ்வளவு நாளும் பூவை மட்டும் செய்துகொண்டிருந்தாள். மரத்தை விட்டுவிட்டிருந்தாள்.

"எனக்கு என்னமோ வெள்ளரிக்கா மாதிரி இருக்கும்" என்றார் உச்சி.

"வெள்ளரிக்கா இல்ல" என்றாள் குட்டி. பிறகு இன்னொரு தடவை முகர்ந்தாள். "கொஞ்சம் இருக்கு."

காற்றில் கூண்டு லேசாக ஆடியது.

"எவ்வளவு அமைதியா இருக்கு இங்க" என்றாள்.

"அப்படியா?" என்றார் அவர். வெடுக்கென்று சொல்லவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டார். குட்டி புரியாமல் பார்த்தாள். உச்சி தன் வலது காதைத் தொட்டுக் காட்டினார். "இதுக்குள்ள ஒரு சத்தம் இருக்குங்க. பழைய டியூப் லைட்டு எரியும்போது ஙீன்னு கேக்கும்ல, அது மாதிரி. ரம்பம் ஓடுறவரைக்கும் தெரியாது. நிறுத்தினா ஆரம்பிச்சுடும்."

"டாக்டர்கிட்ட காட்டலையா?"

"காட்டாம? இத்தன வருஷம் மெஷினப் பிடிச்சதுக்கு வந்த சீரு இது, பழகிக்கோங்கன்னுட்டாரு. பகல்ல பரவாயில்ல. சாயங்காலம்தான் பெரும்பாடு. தெரு அடங்க அடங்க இது ஏறும். ஃபேன போட்டு, ரேடியோவப் போட்டு, குழாயைக்கூடத் திறந்துவிட்டுப் பார்ப்பேன். வீட்டுல நான் ஒருத்தன்தான். வாய்விட்டுப் பேசுறதுக்கும் ஆளில்ல."

மனைவி இறந்து வருடங்கள் ஆகிவிட்டன என்பதையும் அந்தக் கூண்டில் வைத்தே சொன்னார். கேட்காமலே சொன்னோமே என்று கூச்சப்பட்டவர் போல உடனே நல்ல கொத்தாகப் பார்த்து நாலைந்து ஒடித்து அவள் கையில் கொடுத்தார்.

திங்கட்கிழமை குட்டி அலமாரியிலிருந்து வேறு குப்பிகளை எடுத்தாள். வெட்டிய புல்லின் மணம் கொண்டது ஒன்று. பச்சை பீன்ஸை ஒடித்தால் வருவது மாதிரி சுள்ளென்று இருக்கும் ஒரு பிசின். சேஜ் என்ற மூலிகை இலையின் எண்ணெய். சீமைச் சாமந்தி. தேன்மணத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். கை வேலை செய்துகொண்டிருக்க, மனசு உச்சி சொன்னதையே சுற்றிச் சுற்றி வந்தது. அமைதியான மாலை என்றதும் அவள் ஏன் எல்லாவற்றையும் மெத்தென்று, மங்கலாக, சத்தமில்லாமல் செய்யப் பார்த்தாள்? சத்தம் அடங்கினால் போதும், மனசும் தானாக அடங்கிவிடும் என்று யார் சொன்னது? தெரு அடங்கிய பிறகு காதுக்குள் டியூப் லைட் எரிகிறவர்கள் இருக்கிறார்கள். காதில் இல்லாவிட்டால் நெஞ்சுக்குள். அவளுக்கே, கல்யாணம் முறிந்த வருடத்து மாலைகள் எப்படி இருந்தன என்பது நினைவுக்கு வந்தது.

அப்படிப்பட்டவர்களுக்கு மங்கலான மணம் எதற்கு உதவும்? மனசு பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். முதலில் பச்சை நெடி, அது தணிந்தால் மூலிகை, அதற்குப் பின்னால் மெதுவாக வந்து நிற்கும் பூ, கடைசியில் காய்ந்த புல். அடுத்து என்ன வரும் என்று மூக்கு காத்திருக்கும்படி, ஒன்றன் கையை ஒன்று பிடித்துக்கொண்டு நகர வேண்டும்.

வாரக் கடைசியில் ஒரு சின்னக் குப்பி தயாரானது. அதை யாரிடம் கொடுத்துப் பார்ப்பது என்பதில் அவளுக்குச் சந்தேகமே வரவில்லை. அக்காவுக்கு மட்டும்தான் வந்தது.

"எங்க கிளம்பிட்ட?"

"அந்த மரம் வெட்டுறவரு பக்கத்துத் தெருவுலதான் வேலை செய்றாராம். இதக் குடுத்துப் பாக்கலாம்னு."

"எந்த மரம் வெட்டுறவரு?" அக்காவுக்கு நன்றாகவே தெரியும்.

"அக்கா."

"நான் ஒண்ணும் சொல்லலையே. தலைய சீவிட்டுப் போன்னுதான் சொல்ல வந்தேன்."

உச்சி லாரியின் படியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, காகிதப் பட்டையை வாங்கி மிகுந்த மரியாதையோடு முகர்ந்தார். பொய் சொல்லத் தெரியாத முகம் அது.

"நல்லாத்தான் இருக்கு."

"பரவாயில்ல, சொல்லுங்க."

"ஆஸ்பத்திரிக்குப் போன மாதிரி இருக்குங்க."

சேஜ் கூடிவிட்டது. குட்டி திரும்பிப் போய்க் குறைத்தாள். அடுத்த முறை அவரே வீட்டுக்கு வந்தார், வெட்டிய கிளைகளில் புண் ஆறுகிறதா பார்க்க வேண்டுமென்று. அதற்கடுத்த முறையும் மரத்தைச் சாக்கிட்டுத்தான் வந்தார். அதன் பிறகு சாக்கு எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்து, முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு வருவார். குற்ற உணர்ச்சி தாங்காத அத்தான் முற்றத்தில் நாற்காலி கொண்டுவந்து போடுவார். நாற்காலியைப் போட்டவர் சும்மா போக மாட்டார். தானும் உட்கார்ந்து காரைப் பற்றிப் பேசுவார். உச்சி தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருப்பார். பாதி கேட்கவில்லை என்பதால் அவருக்கு அலுக்கவே இல்லை. அத்தானுக்கோ இப்படி ஒரு நல்ல கேட்பாளர் பிறந்ததிலிருந்து கிடைத்ததில்லை.

அவருக்கு இடது காதுதான் தேவலை என்று தெரிந்துகொண்ட குட்டி அந்தப் பக்கமாகவே உட்காருவாள். அவர் மணிக்கட்டில் ஒரு துளி தடவிவிட்டு, எதுவும் கேட்காமல் காத்திருப்பாள். ஒரு நாள் அவர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்.

"நேத்து இங்கிருந்து போனேன்ல. வீட்டுக்குப் போய் சட்டையக் கழட்டினேன், கையில அந்த வாசனை மாறியிருந்துச்சு. இப்ப என்னது, பூவா, புல்லான்னு மோந்து பாத்துட்டே உக்காந்திருந்தேன். அப்புறம்தான் கவனிச்சேன், ஃபேன் போட மறந்துட்டேன்."

"சத்தம் நின்னுடுச்சா?"

"இல்லங்க. அது நிக்காது. அது பாட்டுக்கு இருந்துச்சு. நான் அது பக்கம் போகல, அவ்வளவுதான்."

இத்தனை வருடம் வேலை செய்ததற்கு யாரும் அவளிடம் இப்படி ஒரு பதில் சொன்னதில்லை.

மறுநாள் அதே கலவையை முதலாளியம்மாவிடம் கொண்டுபோனாள். அவர் முகர்ந்தார். ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி முகர்ந்தார்.

"நல்லாயிருக்கு. ஆனா முதல்ல கசக்குது. கடையில ஒருத்தர் நின்னு ஒரு நொடிதான் மோந்து பாப்பாங்க. அந்த ஒரு நொடியில இது கசக்கும். கொஞ்சம் தேன் சேரு."

வேறு சமயமாக இருந்தால் குட்டி சரி மேடம் என்று தலையாட்டிவிட்டு வந்திருப்பாள். அன்றைக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது.

"சேர்த்தா போன தடவை செஞ்சதுதான் மேடம் வரும். இது ஒரு நொடிக்குச் செஞ்சது இல்ல. ஒரு சாயங்காலத்துக்குச் செஞ்சது."

முதலாளியம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். இந்தப் பெண்ணுக்கு வாய் இருக்கிறதா என்று அப்போதுதான் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை. குப்பியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இரண்டு நாள் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. குட்டி மேசையில் உட்கார்ந்து அளந்ததையே திரும்ப அளந்துகொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அவர் குப்பியைக் கொண்டுவந்து வைத்தபோது கால்வாசி காலியாக இருந்தது.

"கொஞ்சமாத்தான் போடுவோம். விக்கலன்னா அடுத்த தடவை நான் சொல்றத கேக்கணும். சரியா?"

இந்தச் சந்தோஷத்தைச் சொல்ல வேண்டியவர் அந்த வாரம் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அத்தான் நாற்காலியைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா ஜாடையாக ஒன்றும் பேசவில்லை. அதுவே குட்டிக்கு என்னவோ போல் இருந்தது. கடைசியில் லாரி டிரைவரைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். நகராட்சி டாக்டர் எல்லாருக்கும் காது பரிசோதனை செய்தாராம். உச்சி இனி ரம்பத்தைத் தொடக் கூடாதென்று சொல்லி, ஊர்க்கோடியில் இருக்கும் நாற்றுப் பண்ணைக்கு மாற்றிவிட்டார்களாம்.

பண்ணையில் நீளமான கண்ணாடிக் கொட்டகைக்குப் பின்னால் உச்சி குந்தி உட்கார்ந்து, சின்னப் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார். கை மண்ணை எங்கே துடைப்பதென்று தெரியாமல் நின்றார்.

"மேல இருந்தவன கீழ இறக்கிட்டாங்க" என்று சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

"சொல்லியிருக்கலாமே."

"என்னத்தச் சொல்ல? இங்க பாருங்க, எவ்வளவு அமைதியான இடம். பூனை நடந்தாலும் கேக்குமாம். காலையிலேர்ந்து சாயங்காலம்வரைக்கும் எனக்கு அந்த ஙீ மட்டும்தான். முன்னெல்லாம் சாயங்காலத்துக்குத்தான் பயப்படுவேன். இப்ப விடியறதுக்கே பயமா இருக்கு. அதோட வந்து உங்க முற்றத்துல உக்காந்து, நல்லாயிருக்கு நல்லாயிருக்குன்னு சொல்ல முடியல."

ஆறுதல் சொல்வதில் குட்டி சுத்த மோசம். பக்கத்தில் கவிழ்த்துக் கிடந்த வாளியின் மேல் உட்கார்ந்தாள். அவருடைய இடது பக்கம்தான். ஒரு பையை எடுத்து மண்ணை அள்ளிப் போடத் தொடங்கினாள்.

"துணி அழுக்காகும்ங்க."

"துவைச்சா போகும். இந்த அளவு போதுமா?"

"இன்னும் கொஞ்சம். லேசா அமுக்குங்க."

சில பைகள் நிறைந்தன. அவள் மண்ணைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் மருந்து செய்யறவ இல்ல. உங்க காதுக்கு என்னால ஒண்ணும் செய்ய முடியாது. அது நல்லாயிருக்குன்னு நீங்க சொல்றதுக்காகவும் உங்கள கூப்பிடல. நல்லா இல்லாத அன்னிக்கும் வாங்க. அத்தான் பேசுவாரு, அக்கா பேசுவா. நான்கூட பேசுவேன், ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன். சத்தத்துக்கு எங்க வீட்டுல பஞ்சமா?"

உச்சி கையிலிருந்த பையை நிரப்பி முடித்தார். பிறகு மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அத்தான் காரை வித்துடலாமான்னு கேட்டுட்டு இருந்தாரே, என்ன ஆச்சு?" என்றார்.

"அதையெல்லாம் அவருகிட்டயே கேளுங்க. என்னைச் சாகடிக்கிறாரு."

அன்று மாலை அவர் வந்தார். மறுநாளும் வந்தார். நன்றாக இல்லாத நாட்களில் நன்றாக இல்லை என்று சொன்னார். அப்படிப்பட்ட நாட்களில் அக்கா பேச்சை ஒரு சுற்று கூட்டினாள். பண்ணை வேலையும் மெல்ல மெல்லக் கை கூடியது. சின்னக் கன்றுகளுக்கு எந்த வெயில் ஆகும், எது ஆகாது என்று முற்றத்தில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தபோது, அவர் குரலில் பழைய தெம்பு திரும்பியிருந்தது குட்டிக்குத் தெரிந்தது. உயரத்தில் நின்று வெட்டியதையே பார்த்திருந்தவருக்கு, விதையிலிருந்து முதல் இலை விரிவதைப் பார்ப்பது புதுசாக இருந்தது.

வாசனை கடைகளுக்குப் போனது. ஒரு கடைக்காரர், புல்வெளியைப் பாட்டிலில் அடைத்து அனுப்பியிருக்கிறீர்களா என்று எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டார். இன்னொரு கடை, இருந்தது தீர்ந்துவிட்டது, இன்னும் வேண்டும் என்றது. ஓகோவென்று போகவில்லை, சுருண்டு விழவும் இல்லை. முதலாளியம்மா மேலும் கொஞ்சம் போடச் சொன்னார். அவர் தன் மேசையின் மேல் இழுப்பறையில் ஒரு குப்பி வைத்திருந்ததை, குட்டி பார்க்காதது போல இருந்துவிட்டாள். அடுத்து என்ன செய்யலாமென்று அவர் குட்டியிடமே கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் மேடம் என்று குட்டி கெத்தாகப் பதில் சொன்னாள்.

இலை உதிரத் தொடங்கிய பருவத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உச்சி சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு வந்து நின்றார். அக்கா அத்தானைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அத்தானுக்கு விஷயம் பிடிபட்டதும், "அட, சொல்லக் கூடாதா?" என்று முணுமுணுத்தது வாசல்வரை கேட்டது. உச்சிக்கு மட்டும் கேட்கவில்லை.

"பண்ணையில ரெண்டு கன்னு எனக்குத் தர்றேன்னாங்க" என்றார். "லிண்டன்தான். என் வீட்டு முன்னால வெறும் தரைதான் கிடக்கு. எங்க வைக்கறதுன்னு ஒரே குழப்பமா இருக்கு. நீங்க வந்து ஒரு தடவ பார்த்துச் சொன்னா நல்லாயிருக்கும்."

"எனக்கென்ன தெரியும்? மரம் வைக்கறவரு நீங்கதான்."

"மரம் வைக்க எனக்குத் தெரியும். எந்த ஜன்னல் பக்கம் வைக்கணும்னுதான் தெரியல. அங்க நின்னு பார்க்கப் போறவங்க சொல்லணும்ல."

குட்டிக்குக் காது மடல் சூடாகியது. இப்படி ஒரு பேச்சைக் கேட்கும் வயது தாண்டிவிட்டது என்று அவள் எப்போதோ தனக்குத்தானே முடிவு கட்டியிருந்தாள். அந்த முடிவை யாரைக் கேட்டு எடுத்தாள் என்பது இப்போது ஞாபகம் வரவில்லை.

"நட்டா பூக்க எவ்வளவு நாள் ஆகும்?"

"நாளா?" உச்சி சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "நம்ம கன்னு சின்னதுங்க. பத்துப் பதினஞ்சு வருஷம் ஆகிடும்."

"பதினஞ்சு வருஷமா?"

"கூடவும் ஆகலாம். பொய் சொல்லக் கூடாதுல்ல."

குட்டி மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அவளுக்கு அறுபது தாண்டியிருக்கும். அவருக்கு அதற்கும் மேல். போட்ட கணக்கு அவளை ஒன்றும் பயமுறுத்தவில்லை.

"படுக்கையறை ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?"

"மேற்குப் பக்கம்."

"சரி, இருங்க. குடைய எடுத்துட்டு வந்துடறேன், மழை வர்ற மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு அவள் படியேறினாள்.